நான் புதைத்த சம்பவத்திரட்டு

உமக்கு ஒரு பார்சல் வந்திருந்தது. நீர் போய் எட்டு மாதம் ஆன பிறகு, உம்முடைய முழுப்பெயரையும் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதி, கரீபியனிலிருந்து அனுப்பியிருந்தார்கள். உம்முடைய மனைவி பவானி அதைப் பிரிக்காமலே ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டிலிருந்து பாலத்தைத் தாண்டி கிளென்ஃபீல்டுக்குக் கொண்டுவந்து, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். தபால் முத்திரையில் ஓர் ஈரப்பலாக்காயின் படம் இருந்தது. அதைக் கண்டதும் பார்சலைக் கவிழ்த்து வைத்தேன்.

“அண்ணை, நீங்கள் ரெண்டு பேரும் படிப்பிச்ச பள்ளிக்கூடத்திலை இருந்து போலை கிடக்கு. உவ்வளவு தடிச்ச இங்கிலீஸ் புத்தகம் வாசிக்க எனக்குப் பொறுமை இல்லை. அவரைப் பற்றி என்ன எழுதியிருக்கினம் எண்டு பாத்துச் சொல்லுங்கோ. ஆட்டைத் திவசத்துக்கு மலர் அடிக்கிறம். அதிலை நல்லதா நாலு வரி போடலாம்.”

ஓம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வேறு என்ன சொல்வது? ஒருவர் போனால் அவரது படத்தைப் போட்டு, பிறந்தது படித்தது வேலை பார்த்தது எல்லாம் எழுதி ஒரு சின்னப் புத்தகம் அடிக்காமல் எங்கள் ஆட்களுக்குத் துக்கம் முடியாது. அதில் எல்லோரும் நல்லவர்கள்தான். நீர் உண்மையிலேயே நல்லவர் என்பதால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மூன்று நாள் வாசித்தேன். பள்ளிக்கூடத்தின் முழு வரலாறு. பழைய மாணவர் சங்கம் ஆண்டுக்கணக்காகச் சேர்த்து எழுதியிருக்கிறது. பிரதமராகப் போனவர்கள், நீதிபதியாகப் போனவர்கள், கிரிக்கெட்டில் பந்து வீசியவர்கள் என்று எல்லோருக்கும் படம் இருக்கிறது. கடைசியில் பெயர் அட்டவணை. அதில் உம்முடைய பெயருக்கு நேரே ஒரேயொரு பக்க எண். அந்தப் பக்கத்தின் அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில், ஓர் அடிக்குறிப்பு. முதலாம் சம்பவத்திரட்டு புயலில் அழிந்ததாம். பாதுகாப்புக்காக அதைக் கையெழுத்திட்டு எடுத்துச் சென்ற இலங்கை ஆசிரியர், தமக்குச் சொல்லப்பட்டபடி அதை வைக்கவில்லை என்று தாமே ஒப்புக்கொண்டாராம். அவ்வளவுதான். இரண்டு வருடம் அங்கே படிப்பித்தீர். உம்மைப் பற்றி அந்த வரலாற்றுக்குத் தெரிந்தது அது மட்டும்.

அது பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நீர்.

நாம் இரண்டு பேரும் கொழும்புக் கலவரத்துக்குப் பிறகு, கிடைத்த முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிப்போனவர்கள். நான் கணிதம், நீர் வரலாறு. நான் வடமராட்சி, நீர் தீவுப்பகுதி. ஆசிரியர் விடுதியில் ஒரே வீட்டைத் தந்தார்கள். முதல் நாள் மரியாதைக்கு ‘நீர்’ போட்டுக் கதைத்தோம். பிறகு மாற்ற மனம் வரவில்லை. நாற்பது வருடம் ‘நீர்’ போட்டே சண்டை பிடித்தோம். உமக்குச் சமைக்கத் தெரியாது, எனக்குக் கோப்பை கழுவப் பஞ்சி. ஆகவே நான் சமைத்தேன், நீர் கழுவினீர். குடும்பம் நன்றாகத்தான் நடந்தது.

வந்து ஒரு மாதத்துக்குள் அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் உமக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அது ஒரு கரும்புத் தோட்டத்தின் சீனிக் களஞ்சியத்தில் தொடங்கியது என்று கண்ட கண்ட ஆட்களுக்கெல்லாம் சொல்வீர். அடிமைகளாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு உயர்தரக் கல்வி எதற்கு, பிறகு கரும்பு வெட்ட யார் வருவார்கள் என்று தோட்டத் துரைமார் மனுக் கொடுத்த கதையை எத்தனை தரம் கேட்டிருப்பேன்! விடியக்காலையில் அடிமைகளை வயலுக்கு விரட்டிய அதே மணியைக் கழற்றி வந்து பள்ளிக்கூட முற்றத்தில் தொங்கவிட்டார்களாம். அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே சத்தத்துக்கு வகுப்புக்குப் போகட்டும் என்று முதல் அதிபர் சொன்னாராம். “ஆதாரம் என்ன?” என்று உம்முடைய பாணியிலேயே உம்மை மடக்கினேன். யார் எந்த வம்பு சொன்னாலும் நீர் கேட்கிற கேள்வி அது. “இருக்கு, வாரும்” என்று அதிபரின் அறைக்கு இழுத்துக்கொண்டு போய் அந்தப் புத்தகத்தைக் காட்டினீர்.

நம் ஊரிலும் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் சம்பவத்திரட்டு இருந்தது. அதிபர் அன்றன்றைக்கு நடந்ததை எழுதி வைக்கிற புத்தகம். அங்கே முதல் அதிபரிலிருந்து ஒரு நாளும் விடாமல் எழுதியிருந்தார்கள். தொகுதி தொகுதியாக, தோல் அட்டை போட்டு, ஒரு அலுமாரி நிறைய. முதலாம் தொகுதியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெயரும் தகப்பன் பெயரும் வந்த ஊரும் இருந்தன. அதே தொகுதியில் கொஞ்சம் தள்ளிப் புரட்டினால் நம் ஆட்களின் பெயர்கள் வரும். ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னையிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள். இந்தத் தீவில் இவர்களின் ஊர்ப்பெயர் இருக்கிற ஒரே இடம் இதுதான் என்று சொன்னீர். அன்றைக்கு நீர் வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை. அடுத்த விடுமுறைக்கு எல்லாவற்றையும் பிரதி எடுத்துவிட வேண்டும் என்று இரண்டு கொப்பி வாங்கி வைத்தீர்.

விடுமுறைக்கு முன்னர் புயல் வந்தது.

புயல் எச்சரிக்கை வந்தால் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம். அலுமாரியைத் திறந்து, ஆசிரியருக்கு ஒரு தொகுதி என்று பிரித்துக் கொடுப்பார்கள். கூரை பறந்தாலும் எல்லாம் ஒரே இடத்தில் போகாது. கொண்டுபோகிறவர் ஒரு சின்னக் கொப்பியில் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் எங்கே வைப்பது என்பதற்கும் விதி இருந்தது. கேஸ் அடுப்பின் கீழே கேக் சுடுகிற அவண் இருக்கிறதே, அதற்குள். கூரை போனாலும் சுவர் போனாலும் அந்த இரும்புப் பெட்டி போகாது என்று தீவுச் சனம் கண்டுபிடித்து வைத்திருந்தது. நீர் கெஞ்சிக் கேட்டு முதலாம் தொகுதியை வாங்கினீர். கையெழுத்தும் உம்முடையது. வீட்டுக்கு வந்து எண்ணெய்த் துணியில் சுற்றி அவணுக்குள் வைத்துவிட்டு, பள்ளிக்கூட யன்னல்களுக்குப் பலகை அடிக்கப் போனீர்.

நான் வீட்டில் இருந்தேன். அந்த அவணைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்புக்குள் யாராவது புத்தகத்தை வைப்பார்களா? நாம் எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள்! எங்கள் நூலகம் எரிந்த சாம்பல் யாழ்ப்பாணத்தில் பறந்ததை இந்தக் கண்ணால் பார்த்தவன் நான். கலவரத்தில் வீடு எரிந்தபோது எங்களுக்கு மிஞ்சியது, என் தாய் வாளியில் போட்டுக் கிணற்றடியில் புதைத்து வைத்த காணி உறுதிகளும் நகையும் மட்டுந்தான். எங்கள் ஆட்களுக்கு ஆபத்து என்றால் நெருப்பு, பத்திரம் என்றால் மண். அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெரியவில்லை. கேஸ் சிலிண்டர் வெடித்தால் என்ன செய்வது என்று எனக்கு நானே ஒரு நியாயத்தையும் சொல்லிக்கொண்டேன். புத்தகத்தை எடுத்து மூன்று பொலித்தீன் பையில் சுற்றி, பின்வளவில் ஈரப்பலா மரத்தடியில் முழங்கால் ஆழத்துக்குக் கிண்டி, மண்ணைப் போட்டு மிதித்துவிட்டு வந்து கை கழுவினேன். நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு தேத்தண்ணியும் போட்டுக் குடித்தேன்.

பின்னேரம் காற்று அடித்தது. நம்முடைய வீட்டுக்கூரையில் பாதி போனது. பின்வளவுக்கு அப்பால் இருந்த ஓடை பெருகி வீட்டுப் படிவரை வந்தது. ஈரப்பலா வேரோடு சாய்ந்து, தன்னோடு நிலத்தையும் பிய்த்துக்கொண்டு எழும்பியது. அவண் இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நீர் வந்து அதைத் திறந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்.

இரண்டு பேருமாகச் சேற்றுக்குள் தேடி எடுத்தோம். பொலித்தீன் கிழிந்து பைகளுக்குள் தண்ணீர் நிறைந்திருந்தது. கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து, ஒரு ஊசியால் தாள் தாளாகப் பிரித்தீர். பிரிந்த தாள்களில் ஒன்றும் இல்லை. மை கரைந்து நீலமாகப் படர்ந்திருந்தது. நான் பக்கத்தில் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். “கொஞ்சம் சும்மா இரும்” என்றீர். கடைசித் தாளையும் பிரித்துவிட்டு, “நெருப்பு வரும் எண்டு நினைச்சீராக்கும்” என்றீர். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பிறகு வந்த காலம் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

மற்ற எல்லாத் தொகுதியும் அவணுக்குள் இருந்து அப்படியே திரும்பி வந்தன. ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் அம்மையார் எழுந்து நின்று கேட்டார். சத்தம் போடவில்லை. முதலாம் தொகுதி எங்கே என்று மட்டும் கேட்டார். நான் எழும்ப வேண்டும். எழும்பவில்லை. என்னுடைய ஒப்பந்தம் அந்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கைக்குழந்தையோடு என் மனைவி கொழும்பில் யாரோ ஒருவருடைய வீட்டில் ஒரு அறைக்குள் என் விசாவுக்காகக் காத்திருந்தாள். நீர் எழும்பினீர். “சொன்னபடி நான் வைக்கவில்லை. பிழை என்னுடையது” என்றீர். இரண்டே வசனம். அதைத்தான் அந்த அம்மையார் எழுதி வைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் வாய் திறந்தேன். நீர் விடவில்லை.

“கையெழுத்து என்ரை. உமக்குக் குடும்பம் இருக்கு. எனக்கு என்ன, தனிக்கட்டை. விடும்.”

விட்டேன். அதுதான் நான் செய்தது. நீர் சொன்னதும் விட்டேன். நாளைக்குச் சொல்வோம், ஒப்பந்தம் கைக்கு வந்ததும் சொல்வோம், மனைவி வந்து சேர்ந்ததும் சொல்வோம் என்று தள்ளித் தள்ளியே போட்டேன். அதற்குள் உம்மைப் புதுப்பிக்கவில்லை என்று கடிதம் வந்துவிட்டது. நீர் போவதற்கு முந்தின கிழமை, தீவின் மறுகரையிலிருந்து ஒரு பெண் வந்தாள். தன் பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று அந்தப் புத்தகத்தில் பார்க்க வேண்டுமாம். நம்மைப் போலவே முகம், நம் மொழியில் ஒரு சொல் தெரியாது. புத்தகம் இல்லை என்று நீர்தான் அவளுக்குச் சொன்னீர். நான் உள்ளே அறைக்குள் இருந்தேன்.

நீர் இங்கே இருந்த ஒன்றுவிட்ட அண்ணனைப் பிடித்து ஆக்லாந்துக்கு வந்தீர். இங்கே ஆசிரியராகப் பதிய வேண்டுமென்றால் கடைசியாக வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் நற்சான்று வேண்டும். மூன்று தரம் எழுதிக் கேட்டீர் என்று எனக்குத் தெரியும். அவர்கள் பதில் போடவில்லை. நீர் பஸ் ஓட்டப் போனீர். ஆறு வருடம் கழித்து, அதே பள்ளிக்கூடம் என்னைப் புகழ்ந்து எழுதித் தந்த நற்சான்றோடு நான் வந்து இறங்கினேன். விமான நிலையத்தில் சீருடையோடு நின்று என் பெட்டியைத் தூக்கியவர் நீர். நான் நோர்த் ஷோரில் இருபத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்து, கேக் வெட்டி, ஓய்வு பெற்றேன்.

ஒருநாள் மழையில் என் கார் பழுதாகி, உம்முடைய பஸ்ஸில் ஏறினேன். ஆட்கள் இறங்கி இறங்கி, கடைசியில் நாம் இரண்டு பேர்தான். எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. “அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஒரு கடிதம் எழுதப்போறன்” என்றேன். நீர் கண்ணாடியில் என்னைப் பார்த்தீர். “உம்முடைய தரிப்பு வந்திட்டுது. இறங்கும்” என்றீர். இறங்கினேன். இறங்கச் சொன்னால் இறங்குவதில் நான் கெட்டிக்காரன்.

இப்போதுதான் அந்தக் கடிதத்தை எழுதினேன். மகள் தட்டச்சு செய்து தந்தாள். வாசித்துவிட்டு, “அப்பா, இட் வாஸ் ஃபோர்ட்டி யியர்ஸ் அகோ. நோபடி ரீட்ஸ் ஃபுட்நோட்ஸ்” என்றாள். பழைய கதை, அடிக்குறிப்பை யார் வாசிக்கிறார்கள் என்று ஆறுதலுக்குச் சொன்னாள். அவளும் அவளுடைய தாயும் கொழும்பிலிருந்து வெளியே வந்தது எதனால் என்று அந்தக் கடிதத்தில்தான் முதன்முதலில் வாசித்தாள். மடிக்கணினியை மூடிக்கொண்டு போனாள்.

பழைய மாணவர் சங்கத்துச் செயலாளர் இரண்டு வாரத்தில் பதில் போட்டார். மிகவும் மரியாதையான கடிதம். அதிபர் அம்மையார் காலமாகிவிட்டார். பள்ளிக்கூடம் மலைக்கு அந்தப் பக்கம் புதிய கட்டடத்துக்குப் போய்விட்டது. பழையதை இடித்துவிட்டார்கள். புத்தகம் அச்சாகி விநியோகமும் முடிந்தது, இரண்டாம் பதிப்புக்கு யோசனை இல்லை. பழைய பதிவில் அந்த ஆசிரியரே ஒப்புக்கொண்டது எழுத்தில் இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் என் சொல்லுக்கு ஏதாவது ஆதாரம் உண்டா என்று கேட்டிருந்தார். நீர் இருந்தால் சிரித்திருப்பீர். வரலாற்று ஆசிரியர் அல்லவா, அந்தச் செயலாளர் செய்தது சரி என்று அவருக்காக என்னோடு வாதாடியும் இருப்பீர். எனக்கு இருந்த ஒரே ஆதாரத்தை முன்னமே எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்தோம்.

பவானிக்காவது சொல்லிவிடுவோம் என்று போனேன். மலருக்கு எழுதி வைத்திருந்த தாளை என் முன்னால் விரித்தாள். முதல் வரி: கரீபியன் தீவில் புகழ்பெற்ற உயர்தரப் பாடசாலையின் முன்னாள் வரலாற்று ஆசிரியர். அதற்குக் கீழே இடம் விட்டிருந்தாள், என்னுடைய நாலு வரிக்காக.

எல்லாவற்றையும் சொன்னேன். புதைத்தது, கூட்டம், நற்சான்று, அடிக்குறிப்பு. அவள் அழுவாள், என்னைத் திட்டுவாள், இரண்டிலொன்று நடக்கும் என்று நினைத்தேன். அவள் பேனையை மூடி மேசையில் வைத்தாள்.

“படிப்பிக்கிறது அலுத்துப்போச்சு எண்டுதான் எனக்குச் சொன்னவர்” என்றாள். “நான் நம்பினன். முப்பது வருசமா ஏசினன் அண்ணை. படிச்ச படிப்பை வைச்சுக்கொண்டு பஸ் ஓட்டுறியளே, ஒரு முயற்சி இல்லையே, உங்கடை சினேகிதனைப் பாருங்கோ எண்டு. உங்களைக் காட்டித்தான் ஏசினன். ஒரு நாளும் திருப்பிச் சொல்லேல்லை.”

“நான் மலரிலை உண்மையை எழுதுறன். என்ரை பேரைப் போட்டே எழுதுறன்.”

“எழுதி? அவர் பொய் சொன்னவர் எண்டு வரும். எழுதாட்டி, புத்தகத்தைத் துலைச்சவர் எண்டு கிடக்கும். அந்தப் புத்தகம் இன்டர்நெற்றிலையும் இருக்காம். பள்ளிக்கூடத்தின்ரை பேரைப் போட்டால் பிள்ளையள் தட்டிப் பாப்பினம்.” தாளை எடுத்து மடித்தாள். “இதை நீங்கள் அவர் இருக்கேக்கை சொல்லியிருக்க வேணும். இப்ப எனக்கு என்னத்துக்குச் சொன்னனீங்கள்? உங்களுக்குப் பாரம் இறங்கவோ?”

அவள் சரியாகத்தான் கேட்டாள்.

போன சனிக்கிழமை திவசம். கோயில் மண்டபத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு மலரைக் கொடுத்தார்கள். நல்ல தாள், நல்ல படம். பிறந்த ஊர் இருக்கிறது. படித்த பள்ளிக்கூடம் இருக்கிறது. கலியாணம், பிள்ளைகள், இருபத்தேழு வருடம் பேருந்துச் சாரதி, எல்லாம் இருக்கிறது. ஆசிரியர் என்ற சொல் எங்கேயும் இல்லை. கடைசிப் பக்கம்வரை இரண்டு தரம் தேடினேன். பவானி அந்த இரண்டு வருடத்தை அப்படியே எடுத்துவிட்டாள். நான் போய் உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால், அந்த ஒரு வரியாவது உமக்கு இருந்திருக்கும். பக்கத்திலிருந்த ஒருவர், “நல்ல மனிசன். பஸ்ஸை என்ன நிதானமா ஓட்டுவார்” என்றார். ஓம் என்றேன்.

ஆகையால் உம்மைக் கரும்பலகைக்கு முன்னால் கண்ட ஆள் இந்த ஊரில் இப்போது நான் ஒருவன்தான். நம்முடைய வகுப்புகளுக்கு நடுவே இடுப்பளவு பலகைத் தடுப்புத்தான் இருந்தது. என் பிள்ளைகளுக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு நான் உம்முடைய பாடத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். நீர் புத்தகத்தைத் திறப்பதில்லை. கையில் வெண்கட்டி, சட்டையெல்லாம் தூள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழும்பி, சேர், இதெல்லாம் நடந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒருநாள் கேட்டாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நீர் சிரிக்கவில்லை. அதுதான் சரியான கேள்வி என்று அவளைக் கூப்பிட்டு, வெண்கட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு, நீர் போய்ப் பின்வரிசையில் அவளுடைய வாங்கில் உட்கார்ந்தீர். என் பிள்ளைகளும் கணக்கை விட்டுவிட்டுத் தடுப்பில் ஏறி நின்று பார்த்தார்கள். உம்முடைய முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் பிறகு ஒருபோதும் காணவில்லை. எனக்கு எழுபத்திரண்டு வயது. இதைச் சொன்னால் நம்புவதற்கும் இனி ஒருவரும் இல்லை.